கால்கள் போன பிறகு கைகளை நிமிர்த்திய டாக்டர்



நம் கிரிவலப் பாதையில் விரல் மடங்கிப்போன கைகளை நீட்டிக்கொண்டு தொழுநோயாளிகள் உட்கார்ந்திருந்த காலத்தை உங்களில் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அப்போது நாம் வட ஆற்காடு மாவட்டம். 1989இல்தான் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அந்த மாதிரிக் கைகளை வேலூரில் நிமிர்த்திக் கொடுத்தவர்களில் ஒருவர், இரண்டு கால்களும் செயலிழந்த ஓர் இளம்பெண். டாக்டர் மேரி வர்கீஸ்.

கொச்சிப் பக்கத்தில் 1925இல் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் படித்து, மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டார். 1954 ஜனவரியில் நண்பர்களோடு பிக்னிக் போன வண்டி கவிழ்ந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. முகத்திலும் தழும்பு. முப்பது வயதுகூட ஆகவில்லை. மாதக்கணக்கில் படுக்கை, ஆபரேஷன் மேல் ஆபரேஷன். அந்தக் காலத்தில் இப்படி ஆன பெண்ணை, எவ்வளவு பாசமான குடும்பமானாலும், ஒரு அறையில் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

தொழுநோய்க் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட்தான் வழி காட்டினார். கை ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் அல்லவா! எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். "தைரியமாக இரு" என்று சொல்லிவிட்டுப் போகாமல், அவரால் செய்யக்கூடிய வேலையைக் காட்டினார்.

அந்த வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழுநோய் நரம்பைத் தாக்கும்போது உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கிவிடும். மாத்திரை கிருமியைக் கொல்லும், மடங்கிய விரலை நிமிர்த்தாது. ஆனால் முன்கையில் நல்ல தசைகள் மிச்சம் இருக்கும். அதில் ஒன்றின் தசைநாணைத் திருப்பி விரல்களில் இணைப்பார்கள். பிறகு சில வாரம் மாவுக்கட்டு, அதற்கப்புறம் பயிற்சி. சோற்றைப் பிசைந்து சாப்பிட, பேனா பிடிக்க அந்தக் கை மறுபடி கற்றுக்கொள்ளும். நோயாளிக்கு எதிரே வீல்சேரில் உட்கார்ந்திருந்த டாக்டரும் அதே மாதிரி, இருப்பதை வைத்து வாழக் கற்றுக்கொண்டிருந்தவர்.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய்த் தனக்கே மறுவாழ்வுப் பயிற்சி எடுத்தார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வேலூருக்கே திரும்பி அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. மரத்திலிருந்து, கிணற்றில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற, தானே குளிக்க, வீட்டுக்குப் போய்ப் பிழைக்கக் கற்றுக்கொள்ளும் இடம் அது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் காலமானார். அந்த நிலையத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ முதுகுத்தண்டு அடிபட்டுப் படுத்திருப்பவர் இருந்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இத்தகையவர்களுக்குப் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் பெரும்பாலும் எமன். "இனி என்ன இருக்கிறது" என்று விட்டுவிடாமல் ஒருமுறை பாகாயம் அழைத்துப்போய்க் காட்டுங்கள். போளூர் வழியாக வேலூர் பஸ் நிறைய இருக்கிறது.