பாடசாலைச் சுவீகரிப்பும் தரம் பற்றிய வாதமும்

சமத்துவம் வந்தால் கல்வித்தரம் தாழும் என்னும் அச்சம் இலங்கைக்குப் புதிதன்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1945 இல் இலவசக் கல்வியை நிலைநாட்ட முயன்றபோதே அது எழுந்தது. வீதிக்கு வந்தது 1960 இலே. அவ்வாண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் சிறிமாவோ அரசாங்கம் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. ஒரு நாட்டுப் பிள்ளைகளுக்கு இருவகைக் கல்வி தகாதென்றனர் ஒரு சாரார். ஒழுங்கும் கற்பித்தலும் சீர்குலையுமென்றனர் மறுசாரார். கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே குடிபுகுந்து மறியல் செய்தனர். 1961 இன் தொடக்கத்தில் பம்பாயிலிருந்து கர்தினால் கிறேசியஸ் வந்து சமரசம் பேச நேர்ந்தது.

இவ்வாரவாரத்திடையே பலர் கவனியாது விட்டதொன்றுண்டு. முதலாம், இரண்டாந் தரப் பாடசாலைகள் விரும்பினால் அரச நன்கொடையையும் மாணவர் கட்டணத்தையும் துறந்து தனித்து நிற்கலாமெனச் சட்டமே இடமளித்தது. கொட்டாஞ்சேனைப் புனித பெனடிக்ற் கல்லூரி அவ்வாறு நின்றது. பழைய மாணவரும் செல்வாக்குள்ள பெற்றோரும் உடைய கல்லூரிகளுக்கு அது இயலும். (தரம் என்ற சொல்லே இங்கு இருபொருள் படுவதைக் காண்க.) சமத்துவத்தை நாடிய சட்டம் பாடசாலைகளைத் தரம்பிரித்தே அணுகியது, தரத்துக்காக வாதாடியோரும் பெருங்கல்லூரிகளையே பெரிதும் மனத்திற் கொண்டிருந்தனர். மூன்றாந் தரப் பாடசாலைகளுக்கோ அத்தெரிவு வழங்கப்படவேயில்லை.