ஆயா வரி (அமெரிக்கா)

ஆயா வரி என்பது ஐக்கிய அமெரிக்காவில் குழந்தை பார்ப்பவர், சமையலர் முதலிய வீட்டுப் பணியாளரை வேலைக்கு வைப்போர் கட்டவேண்டிய சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளுக்கு வழங்கும் பேச்சுவழக்குப் பெயராகும். சட்டத்தில் இப்பெயர் இல்லை.

1935 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுப் பணியாளரையும் பண்ணைத் தொழிலாளரையும் விலக்கி வைத்தது. வீடு வீடாக வரி தண்டுவது கடினம் என்று காரணம் கூறப்பட்டது. ஆனால் வீட்டு வேலையில் கறுப்பினப் பெண்களே மிகுதியாக இருந்தனர் என்பதை மறக்கலாகாது. முதுமையில் ஓய்வூதியமின்றி நின்றவர்களும் அவர்களே. 1950 ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரே வீட்டில் தொடர்ந்து வேலை செய்வோரைச் சேர்த்துக்கொண்டது. 3 மாதத்தில் 50 டாலர் என்ற கூலி வரம்பு, விலைவாசி எவ்வளவோ ஏறியும் 1994 வரை மாறவில்லை. பலர் வரி கட்டாமல் கூலியைக் கையில் கொடுத்துவந்தனர்.

1993 சனவரியில் அதிபர் பில் கிளின்டன், அட்டர்னி ஜெனரல் பதவிக்குச் சோ பேர்ட் என்பவரை முன்மொழிந்தார். பெரு நாட்டைச் சேர்ந்த, குடியேற்ற அனுமதியற்ற தம்பதியரை அவர் வேலைக்கு வைத்ததும், வரி கட்டாததும் வெளியாகி, விலக நேர்ந்தது. அடுத்துப் பேசப்பட்ட கிம்பா உட் வரியை முறையாகக் கட்டியவர். அனுமதியற்றவரை அவர் அமர்த்திய காலத்தில் அதற்குத் தடைச்சட்டமும் இல்லை. எனினும் அவரும் ஒதுங்கினார். பின்னர் ஜேனட் ரெனோ பதவியேற்றார்.

1994 அக்டோபரில் வந்த சட்டம் வரம்பை ஆண்டுக்கு 1,000 டாலராக உயர்த்தியது; ஓய்வு நேரத்தில் குழந்தை பார்க்கும் 18 வயதுக்குட்பட்ட மாணவருக்கு விலக்களித்தது. வருமான வரிப் படிவத்துடனேயே இவ்வரியையும் கட்ட வழி பிறந்தது. 2025 இல் வரம்பு 2,800 டாலர். முதலாளியும் பணியாளரும் ஆளுக்கு 7.65 விழுக்காடு செலுத்த வேண்டும்.