பூட்டு புதுசு, ஓட்டை பழசு

எங்க லேப்ல யாரைக் கேட்டாலும் "எஸ்.சி.பி. தானே, பாதுகாப்பானது"ன்னுதான் சொல்வாங்க. வேற கணினியிலிருந்து கோப்புகளை நகலெடுக்க நான் தினமும் தட்டுற கட்டளை அது. அதோட பூர்வீகத்தைத் தோண்டினா, கதை 1983-க்குப் போகுது மக்களே.

அந்த வருஷம் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் ஆர்.சி.பி. வந்தது. நெட்வொர்க்கில் இருந்தவங்க கொஞ்சப் பேர்தான். அதனால நம்பகமான கணினிகளின் பெயரை ஒரு கோப்பில் எழுதி வெச்சுட்டா, அங்கிருந்து வர்றவங்ககிட்ட கடவுச்சொல்லே கேட்காது. கல்யாண மண்டபத்துல "மாப்பிள்ளை வீடு"ன்னு சொன்னதும் பந்தியில உட்கார வைக்கிற மாதிரி!

1988 நவம்பர் 2-ல் கார்னெல் மாணவர் ராபர்ட் மோரிஸ் அவிழ்த்துவிட்ட புழு, இந்த நம்பிக்கையையும் ஒரு வழியா வெச்சுத்தான் கணினிக்குக் கணினி தாவியது.

1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டாங்க. அதைப் பார்த்து அங்கிருந்த டாட்டு யூலோனென் எஸ்.எஸ்.எச். எழுதினார். ஆர்.சி.பி. போய் எஸ்.சி.பி. வந்தது. பாதை முழுக்கக் குறியாக்கம். ஆனா உள்ளே பேசினது அதே பழைய பாஷை.

அதுல என்ன சிக்கல்? நாம ஒரு கோப்பைக் கேட்போம். சர்வர் முதல்ல அனுமதி, அளவு, பெயர் மூணையும் ஒரு வரியில சொல்லிட்டு, அப்புறம் உள்ளடக்கத்தை அனுப்பும். சர்வர் சொன்ன பெயரிலேயே நம்ம கணினி எழுதிக்கும். நாம கேட்ட பெயர்தானான்னு ஒப்பிட்டுப் பார்க்காது! கெட்ட சர்வரா இருந்தா, ஆய்வு முடிவுகளைக் கேட்கிற இடத்துல நம்ம ஷெல்லின் அமைப்புக் கோப்பை மாத்தி எழுதிடலாம். அடுத்த தடவை ஷெல்லைத் திறக்கும்போது அவன் எழுதின கட்டளை ஓடும்.

ஹாரி சின்டோனென் என்ற ஆய்வாளர் 2018-ல் இதைக் கண்டுபிடிச்சுச் சொன்னார். 2019 ஜனவரியில் விவரம் வெளியானது. அதே ஏப்ரலில் ஓப்பன் எஸ்.எஸ்.எச். 8.0-ல் ஒரு சரிபார்ப்பு சேர்த்தாங்க. ஆனா முழுசா அடைக்கிறது கஷ்டம். ஏன்னா, நட்சத்திரக் குறி போட்டுக் கேட்டா எந்தெந்தக் கோப்புன்னு முடிவு பண்றதே சர்வர்தான். கடைசியில 2022 ஏப்ரலில் வந்த 9.0-ல், எஸ்.சி.பி. என்ற பெயரை மட்டும் வெச்சுக்கிட்டு, உள்ளே எஸ்.எஃப்.டி.பி.க்கு மாறிட்டாங்க.

வழியில திருடன் இருக்கானான்னு பார்க்கத்தான் குறியாக்கம். போய்ச் சேர்ற வீட்டுக்காரன் யோக்கியனான்னு அது சொல்லாது. இந்த வித்தியாசம் உறைக்க நமக்கு 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்க மடிக்கணினியில எந்தப் பதிப்பு ஓடுதுன்னு ஒரு எட்டு பார்த்துடுங்க.