மதிக்கணக்கும் மதிசூடியும்

திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே, வராகநதிக் கரையில் விளங்குவது திருவக்கரை. திருஞானசம்பந்த சுவாமிகள் பாடியருளிய தொண்டைநாட்டுத் தலங்களுள் ஒன்றாகிய அதன்கண் எழுந்தருளிய பெருமான் திருநாமம் சந்திரமௌலீசுவரர். பூரணைதோறும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தினின்று அடியார் அங்குத் திரள்வர். பூரணை எந்நாள், எந்நாழிகை என்பதைத் தலைமுறை தலைமுறையாக இப்பகுதியார்க்கு அறிவித்து வந்தது வாக்கியப் பஞ்சாங்கம். அப்பஞ்சாங்கக் கணிதத்தின் வேர் பாபிலோன் நாடளவும் செல்கின்றது என்பது சைவ நன்மக்கள் அமைந்து எண்ணற்பாலதொரு செய்தியாம்.

ஞாயிற்றின் வட்டத்தை வெள்ளி கடந்து செல்லுங் காட்சியைக் காணப் புதுச்சேரிக்கு வந்திருந்த லெ ஜாந்தீல் என்னும் பிரெஞ்சு வானநூலார், 1769-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் மேகம் மறைத்தமையால் அதனை இழந்தார். ஆயினும் அவ்வூர்த் தமிழரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பிய மேயரின் வாய்பாடோ 68 விநாடி மிகுந்தது. பின்னர் 1825-இல் 'கால சங்கலிதம்' என்னும் நூலைச் சென்னையில் வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரிக் கணிதர் ஒருவர் அவ்வாண்டு மே மாத இறுதிக் கிரகணத்தைத் தரையிற் சோழி பரப்பி, ஏடொன்றும் நோக்காது, மனத்திற் பதிந்த வாக்கியங்களைக் கொண்டே கணித்ததைக் குறித்துவைத்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் வேறுபட்டன. கணக்கின் காரணத்தை அவர் அறிந்திலர் என்பது வாரன் கூற்று. நெட்டுருவை இகழ்வார் இவ்விடத்தைச் சற்று ஊன்றி நோக்குவாராக. காரணம் மறந்த பின்னரும் கணக்கைக் காத்தது அந்நெட்டுருவேயன்றோ!

அவ்வாறு காக்கப்பட்டது யாது? மதியின் ஓட்டம் நாடோறும் ஒரு தன்மைத்தன்று. விரைந்தும் தளர்ந்தும் மீண்டும் பழைய நிலையை எய்தும். அத்தகைய 9 சுற்றுக்கு 248 நாள் ஆகும். அந்நாள் ஒவ்வொன்றற்கும் ஒன்றாக, எழுத்தையே எண்ணாகக் கொண்ட 248 வாக்கியங்கள் உள. அவற்றை வரருசி செய்தனர் என்பது மரபு. 248-ஆம் நாளில் மதி சென்ற அளவு, முழுவட்டங்கள் நீக்கி, 27 பாகை 44 கலை. இனி, பாபிலோனியர் களிமண் பலகைகளில் மதியின் சராசரி நாளோட்டம் 13 பாகை 10 கலை 35 விகலை. அதனை 248-ஆற் பெருக்கி வட்டங்களைக் கழிப்பின் அதே 27 பாகை 44 கலையும் சிறிது மிச்சமும் எஞ்சும். அவரும் 248 நாளையே கொண்டனர். 248, 3031 என்னும் இவ்விரு நாட்டொகையும் எகிப்திற் கிடைத்த கிரேக்க ஏட்டிலும், ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தொகுத்த வாசிட்ட சித்தாந்தத்திலும் காணப்படுதலின், கணக்கு வந்த வழி ஒருவாறு புலனாம். வாரன் குறிப்பை ஆராய்ந்து, தமிழர் முறை பாபிலோனிய முறையின் வழித்தாதலை 1952-இல் நாட்டியவர் நியூகெபாவர்.

கணக்கு வந்தது, அதனோடு பாபிலோனியர் கொள்கையும் வந்ததோ என்பதே சைவர் வினவத்தக்கது. அவர்க்கு மதி, சின் என்னும் முழுமுதற்றன்மை வாய்ந்த கடவுள். அப்பெயரை 30 என்னும் எண்ணாலும் எழுதுவர். ஞாயிறு சமாசு, வெள்ளி இசுதார், வியாழன் மார்துக்கிற்கு உரியது. ஏறத்தாழ 70 பலகைகளாலாகிய அவர் நிமித்த நூல் மதியின் குறிகளோடே தொடங்குகின்றது. கிரகணத்தில் ஏழு பூதங்கள் மதியை வளைத்தன என்று கருதி வெண்கல முரசு அறைவர். அசீரிய வேந்தன் எசர்காடன் (கி.மு. 681-669), கிரகணக் கேடு தன்னைச் சாராவண்ணம் வேறொருவனை அரியணையில் அமர்த்தித் தான் ஒதுங்கியிருப்பான், தவணை முடிந்தபின் அவ்வேழை மடிவான். கி.மு. 554 செப்டம்பர் 26-இல் மதி மறையக் கண்ட நபோனிதன், அது சின் கடவுள் பூசகியை வேண்டிய குறியென்று கொண்டு தன் மகளையே அக்கோயிற்கு அளித்தான்.

சைவத்தில் மதி அஞ்சப்படுவதன்று. தானே அஞ்சி வந்தது. தக்கன் சாபத்தால் தேய்ந்து அடைக்கலம் புக்க பிறையையே பெருமான் முடியில் வைத்தருளினன். ஞாயிறும் திங்களும் அட்டமூர்த்தத்துள் வைத்து எண்ணப்படினும், அவை இறைவன் நின்று இயக்கும் இடமேயன்றி இறையாகா. கோள்கள் அவன் ஆணைவழி அதிகாரம் நடத்துவன. மதுரைக்குப் புறப்பட்ட பிள்ளையாரை, நாளும் கோளும் நல்லனவல்ல என்று அப்பரடிகள் மறைக்காட்டில் தடுத்தபோது எழுந்த கோளறு பதிகம், எசர்காடன் அரண்மனை அச்சத்திற்கு நேர்மாறாகிய விடையாம்.

ஆயினும் கோளச்சம் சைவரிடை இல்லையென்று கூறின் அது பொய். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றிற் குழுமுவார் நெஞ்சில் அன்போடு அச்சமும் கலந்தேயிருக்கும். 2025 மார்ச்சு 29-இல் பெயர்ச்சி என்று திருக்கணிதத்தார் கூற, அத்திருக்கோயிலார் வாக்கியப்படி அது 2026-இலேயே என்று அறிவித்தபொழுது மக்கள் பெரிதும் மயங்கினர். வாக்கியம் முனிவர் வாக்காதலின் திருத்தலாகாது என்பார் ஒருசாரார். வேற்றுநாட்டுச் சரக்காதலின் தள்ளுக என்பார் மற்றொருசாரார். இருவர் கூற்றும் பொருந்தா. நாட்டெல்லை கடந்து வந்தமையால் ஒரு கணக்கு பொய்யாகாது. ஆன்றோர் உருவேற்றியமையால் அதன் பிழை மெய்யாகாது. பாபிலோனியர் தாமும் வானை நோக்கி நோக்கியே நூற்றாண்டுகளாகத் தம் கணக்கைத் திருத்தி வந்தனர். அன்னார் இறுதிப் பலகை கி.பி. 75-ஐ ஒட்டியது. அதன்பின் சின் கோயில்களும் பாழாயின. அவர் எண்ணிய 248 மட்டும் புதுச்சேரிக் கணிதரின் சோழிகளில் 1825-இலும் நின்றது.