ஒட்டுப்படமும் பொங்கல் வாழ்த்தும்

பொங்கல் வாழ்த்து மடலின் வரலாற்றைச் சிவகாசி அச்சகங்களிலிருந்து தொடங்குவதே வழக்கம். அம்மடல்களின் ஓவிய நடைக்கு வேர் தேடுவோர் திருவண்ணாமலைக்கும் ஒருமுறை வந்தாக வேண்டும். சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) இளமையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கியவர். பின்னர் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் நிலைகொண்டு, மாணவர்களோடு நாட்காட்டிப் படங்கள் வரைந்தார். சிவகாசியில் அச்சான அப்படங்கள் தமிழ்நாட்டுச் சுவர்களை நிறைத்தன.

ஆண்டு முடிந்ததும் அப்படங்கள் என்னவாயின? சில சட்டமிடப்பெற்றுப் பூசையறைக்குச் சென்றன. ஏனையவை கத்தரிக்கோலுக்கு வந்தன. தெய்வத்தின் உருவை வெட்டத் தயங்கியவர்களும் ஓரத்துத் தாமரையையும் மயிலையும் வெட்டத் தயங்கவில்லை. பழைய திருமண அழைப்பிதழின் கெட்டி அட்டை, அதிலிருந்த பொன்னிறப் பிள்ளையார், ஜிகினாத்தாள், பிளந்து தேய்த்த வைக்கோல் ஆகியவற்றைக் கொண்டு பிள்ளைகள் வீட்டிலேயே வாழ்த்து செய்தனர். அரசிலையைப் பல நாள் நீரில் ஊறவைத்து, அழுகிய பசுமையை மெல்ல நீக்கினால் நரம்பு வலை மட்டும் எஞ்சும். அதன்மேல் வண்ணம் தீட்டி ஒட்டுவர். பசை, மைதா மாவில் காய்ச்சியது. பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் சிறிது சேர்ப்பர்.

பிக்காசோ 1912இல் ஓவியத்தில் துணியை ஒட்டியதைப் புதுமையெனக் கொண்டாடுவர். கொலாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ஒட்டுதல் என்பதே பொருள். தஞ்சை ஓவியரோ அதற்கு நெடுங்காலம் முன்பே பொன்தகடும் கண்ணாடிக் கல்லும் பதித்தவர். ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் தொடங்கிய பின், அச்சுப் படத்துத் தேவியருக்குச் சரிகைத் துணியும் மணியும் வைத்து அழகு செய்யும் வழக்கமும் பரவியது. வாழ்த்து மடலின் ஒட்டுவேலை இந்த மரபின் எளிய கிளை.

மடல் என்னும் வடிவம் மட்டும் வெளியிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னி அஞ்சல் வந்தது. மூன்றே ஆண்டில் ஹென்றி கோல் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்தை அச்சிட்டார். இந்தியாவில் 1879இல் கால் அணா அஞ்சலட்டை வந்தது. பின்னாளில் உறையை ஒட்டாமல் 'புக் போஸ்ட்' என்றெழுதிக் குறைந்த கட்டணத்தில் வாழ்த்து அனுப்பினர். பொங்கலைத் தமிழர் திருநாளாக முன்னிறுத்திய இயக்கங்கள் இவ்வழக்கத்திற்கு வலுவூட்டின. தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்ததும் 1969 பொங்கல் நாளில்தான்.

கவிஞர்கள் கருதத்தக்கது ஒன்றுண்டு. கடையில் வாங்கிய மடலில் வாழ்த்தும் அச்சாகியே வந்தது, கையெழுத்திட்டால் போதும். ஒட்டுமடலின் உட்பக்கமோ வெறுமை. அனுப்புபவரே நாலு வரி எழுதியாக வேண்டும். வெண்பா முயன்றவர்களும் உண்டு. தளை தட்டியவையே மிகுதி. எனினும், அச்சில் பெயர் காணாத பலருக்கு அந்த நான்கு வரியே முதல் வெளியீடு.

கோட்டையூர் ரோஜா முத்தையா, தாமே விளம்பரப் பலகை ஓவியராக இருந்தவர், நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்து வைத்தார். 1994இல் அத்தொகுப்பு சென்னையில் நூலகமாயிற்று. அச்சான தாளுக்கு அப்படியொரு வீடு வாய்த்தது. ஒட்டுமடலுக்குப் படி ஒன்றே. அதுவும் பெற்றவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடப்பது. 2000க்குப் பின் கைப்பேசிக் குறுஞ்செய்தி வந்து புதியவை அருகின. மயில்துத்தம் சேராத பசையால் ஒட்டிய பழையவற்றை இராமபாணப் பூச்சி தின்றுகொண்டிருக்கிறது.