தேம்ஸ் நதியும் இலண்டன் மாநகரின் கழிவுநீர்ச் செலவும்

ஒரு நகரத்தைத் துப்புரவாக வைத்திருத்தற்காகும் செலவை அந்நகரத்து மக்களின் தொகையும், அந்நிலத்தின் வெயிலும் மழையுமே பெரிதும் நிருணயிக்கின்றன. இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாக விளங்குவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் வரலாறாகும்.

1801 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 10 இலட்சமாயிருந்த இலண்டனின் சனத்தொகை, 1851 இல் 23 இலட்சத்தைத் தாண்டியது. முன்னாளில் வீட்டுக்கழிவு மலக்குழிகளிலே தங்கிற்று. அதனை இரவில் அள்ளிச் சென்று உழவர்க்கு எருவாக விற்றனர். நகரம் விரிய வயல்கள் தொலைவாயின, ஏற்றுகூலி உயர்ந்தது. தென்னமெரிக்காவிலிருந்து பறவையெச்ச எரு வந்திறங்கவே பழைய எருவின் மதிப்பும் வீழ்ந்தது. நீர் ஊற்றிக் கழுவும் மலகூடங்கள் பெருகியபோது குழிகள் நிரம்பி வழிந்தன. ஆகவே கழிவனைத்தும் சாக்கடை வழியே தேம்ஸ் நதிக்குள் விடப்பட்டது. பலர் பருகிய நீரும் அந்நதியினதே. 1848-49, 1853-54 ஆகிய காலங்களில் வாந்திபேதி 24,000 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது.

1855 இல் நிறுவப்பெற்ற மாநகர வேலைச் சபையின் தலைமைப் பொறியியலாளர் யோசேப்பு பசல்ஜெற் பரிகாரத் திட்டம் வகுத்தார். ஆயினும் கழிவு சென்று விழும் இடம்பற்றியும் செலவுபற்றியும் எழுந்த பிணக்கினால் அது தடைப்பட்டுக் கிடந்தது. 1858 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெப்பம் நிழலிலும் 90 பாகை பரனைற்றைக் கடந்தது. கரையோரப் பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் தோய்த்துத் தொங்கவிட்டும் நாற்றம் அடங்கவில்லை. ஆகத்து மாதத்திலேயே, 30 இலட்சம் பவுண் கடன்பெறச் சபைக்கு அதிகாரமளிக்கும் சட்டம் நிறைவேறிற்று. நாற்றமே நோயைப் பரப்பும் என உறுப்பினர் நம்பியது தவறு. எனினும், அந்நம்பிக்கையாற் செய்த செயல் சரியாயிற்று.

பசல்ஜெற் அன்றைய தொகைக்கன்றி, பெருகவிருந்த 34½ இலட்சம் பேருக்கென 82 மைல் நீளமான பெருங்குழாய்களை அமைத்தார். மழைநீரும் அவற்றினூடாகவே செல்ல வேண்டியிருந்தது. பெருமழை முழுவதையும் கொள்ளுமாறு கட்டுதல் கட்டுபடியாகாமையால், மிகுநீர் நதிக்குள் வழிய வாயில்கள் வைக்கப்பட்டன. தாழ்நிலக் கழிவை மேலேற்ற நீராவி இயந்திரங்களும் வேண்டப்பட்டன. செலவு 40 இலட்சம் பவுணைத் தாண்டியது. வேலை முற்றுப்பெறாத கிழக்கிலண்டனிலே 1866 இல் வாந்திபேதி மீண்டும் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. தாமதத்தின் விலை அதுவாகும்.

பிற்காலத்தில் சனத்தொகை 80 இலட்சத்தைக் கடந்தது. மழைநீரை உறிஞ்சிய மண்ணும் கல்லாலும் சீமெந்தாலும் மூடப்பட்டது. சிறுமழைக்கும் கழிவு நதிக்குள் வழியலாயிற்று. அதனைத் தடுக்க 25 கிலோமீற்றர் நீளமான புதிய சுரங்கம் 400 கோடிப் பவுணுக்கு மேற்பட்ட செலவில் அகழப்பெற்று, 2025 இல் முழுமையாக இணைக்கப்பட்டது.

பல்லாயிரவரின் சாவு திறவாத கருவூலத்தை ஒரு கோடைவெயில் திறந்தது. மக்கள் பெருகும்போதே ஏற்றுக்கொள்ளவேண்டிய செலவை ஒத்திவைக்கும் நகரம், அதனைப் பின்னர் உயிராலும் பொருளாலும் இருமுறை செலுத்துகின்றது.