சிக்ரிட் என்றொரு பெயர்



ஒரு பெயருக்கும் அதைச் சுமப்பவரின் வாழ்வுக்கும் பொருத்தம் உண்டா? இந்தக் கேள்வியை என் மனதில் எழுப்பியது ஸ்கண்டிநேவிய நாடுகளில் வழங்கும் ஒரு பெண் பெயர். 'சிக்ரிட்' என்பது அது.

அந்நாடுகளின் பழைய மொழியில் 'சிகர்' என்றால் வெற்றி. 'ஃப்ரீதர்' என்றால் அழகு. இரண்டும் சேர்ந்தபோது இடையிலிருந்த 'ஃப்' ஒலி தேய்ந்து மறைந்தது. சிகுர்ட், சிக்மண்ட் என்னும் ஆண் பெயர்களின் முன்னும் இதே 'வெற்றி'தான் நிற்கிறது. நோர்வேயிலும் சுவீடனிலும் சிக்ரிட்டைச் செல்லமாகச் 'சிரி' என்பார்கள். நம் காதுக்குச் சிரிக்கச் சொல்வதுபோல் கேட்கும். ஆனால் நான் அறிந்த இரு சிக்ரிட்டுகளின் கதையில் சிரிப்புக்கு அதிகம் இடமில்லை.

முதலாமவள் 'செருக்குடைய சிக்ரிட்'. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து அறிஞர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் தமது மன்னர் வரலாற்றில் அவளைச் சித்திரிக்கிறார். அவள் சுவீடன் மன்னனின் விதவை. நோர்வே மன்னன் ஒலாவ் அவளை மணக்க விரும்பி, ஞானஸ்நானம் பெறும்படி கேட்டான். முன்னோரின் நம்பிக்கையைக் கைவிடேன், உமது நம்பிக்கையையும் தடுக்கேன் என்றாள் அவள். சினந்த ஒலாவ் கையுறையால் அவள் முகத்தில் அறைந்தான். இது உமக்குச் சாவாக முடியலாம் என்று எச்சரித்தாள். பின்னர் டென்மார்க் மன்னனை மணந்து, அவனை ஒலாவுக்கு எதிராகத் தூண்டினாள். 1000ஆம் ஆண்டளவில் நடந்த கடற்போரில் ஒலாவ் அழிந்தான். இப்படி ஒருத்தி உண்மையில் வாழ்ந்தாளா என்று வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். ஆயினும் அவள் சொன்ன மறுப்பு கதையில் நிலைத்துவிட்டது.

இரண்டாமவர் வாழ்ந்து மறைந்தவர். நோர்வே நாவலாசிரியை சிக்ரிட் உண்ட்செட். 1882இல் டென்மார்க்கில் பிறந்தார். பதினொரு வயதில் தந்தையை இழந்தார். பதினாறு வயதிலிருந்து பத்தாண்டுகள் அலுவலகமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். மத்தியகால நோர்வேப் பெண்ணொருத்தியின் வாழ்வைச் சொல்லும் 'கிறிஸ்டின் லாவ்ரன்ஸ்டாட்டர்' மூன்று பாகங்களாக 1920 முதல் 1922 வரை வெளிவந்தது. 1928இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹிட்லரை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். ஜேர்மனியில் அவருடைய நூல்கள் தடைசெய்யப்பட்டன. 1940 ஜனவரியில், சோவியத் படையெடுப்புக்கு உள்ளாகியிருந்த பின்லாந்துக்குத் தமது நோபல் பதக்கத்தையே கொடுத்துதவினார். மகளை முந்திய ஆண்டுதான் பறிகொடுத்திருந்தார். அந்த ஏப்ரலில் ஜேர்மனியப் படை நோர்வேக்குள் புகுந்தது. போர்முனையில் மூத்த மகன் ஆண்டர்ஸ் மாண்டான். சுவீடன், சோவியத் நாடு, ஜப்பான் வழியாக அமெரிக்கா சென்ற அந்தத் தாய் 1945இல்தான் ஊர் திரும்பினார். 1949இல் மறைந்தார். திரும்பி வந்தபின் அவர் புதிதாக எதையும் வெளியிடவில்லை.

வெற்றி என்று பெயர் வைத்த பெற்றோர் இதையா எண்ணியிருப்பார்கள்? எனக்குத் தெரியாது. ஆனால் தலைவணங்க மறுத்து, அதற்குரிய விலையையும் கொடுத்த ஒருவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, நேயர்களே.